பின்கதவுப் பூட்டு

10 ஜனவரி 1955, திங்கள்

1. இதை எழுதுபவன் தேவதாஸ், காலஞ்சென்ற அந்தோணியின் மகன், வயது ஐம்பத்தொன்று, சட்டம் பயின்றவன், புதுச்சேரி நகரவாசி.

2. பத்திரங்களை எழுதி, சாட்சி வைத்து, உறுதிசெய்து கொடுக்கும் நொத்தேர் அலுவலகத்தில் முதல் எழுத்தனாக இருந்தேன். என் மேலதிகாரியான பிரெஞ்சுக்காரர் நவம்பரில் கப்பலேறிவிட்டார். அலுவலகம் பூட்டிக் கிடக்கிறது.

3. மேற்கண்டவற்றை என்னிடம் எவரும் கேட்கவில்லை. பெயர், தகப்பன் பெயர், வயது, தொழில், இருப்பிடம் இவை இல்லாமல் ஒரு தாளைத் தொடங்க என் கை மறுக்கிறது. நாட்குறிப்பிலும் அப்படியே.

ஆட்சி பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறிவிட்டது, உரிமை சட்டப்படி இன்னும் மாறவில்லை. இந்த வேறுபாட்டைச் சொன்னால் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவர்கள் கவலை வேறு. கிடங்குகள் காலி. ஊரார் சின்ன மில் என்று சொல்லும் பஞ்சாலை மழைக்காலத்திலிருந்து மூடிக் கிடக்கிறது. அதன் சங்கு ஊதுவதில்லை. என் மனைவி ரோசா மட்டும் அந்த நேரத்துக்கு எழுந்து, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் அடுப்படியில் நிற்கிறாள்.

இன்று எனக்குத் தற்காலிகமாக ஒரு வேலை கிடைத்தது. தொழிலை எப்படி மீட்பது, நிர்வாகத்தை எப்படித் திருத்துவது என்று பொதுமக்களைக் கேட்டறியப் புதிய அரசு ஒரு குழு அமைத்திருக்கிறது. மக்கள் சொல்வதை எழுதித் தர வேண்டும். குடிமக்களின் கருத்தைக் கேட்கும் அரசு. இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

12 ஜனவரி, புதன்

வேலையைப் பற்றி ரோசாவிடம் சொன்னேன். "கோழி முட்டை வெச்சாக்கூட அதுங்கிட்ட கையெழுத்து வாங்கற ஆளு நீங்க. சரியான ஆளத்தான் புடிச்சிருக்காங்க" என்றாள்.

17 ஜனவரி, திங்கள்

கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே, ஒயின் இறக்குமதிக் கிடங்கு ஒன்று காலியாக இருந்தது. அங்கேதான் அமர்வு. கவிழ்த்த பீப்பாயின்மேல் பலகை போட்டு எனக்கு மேசை. சுவரெல்லாம் இன்னும் புளித்த வாடை.

குழுவின் செயலாளர் சுப்பிரமணியன், சென்னையிலிருந்து வந்த இளைஞர், மரியாதை தெரிந்தவர். "பேரு, அட்ரெஸ் எல்லாம் வேண்டாம் சார். ஜனங்க என்ன நினைக்கறாங்கன்னு தெரிஞ்சாப் போதும். 'ஒரு தொழிலாளி சொன்னார்'னு போட்டுடுங்கோ" என்றார்.

நான் மறுத்தேன். பெயரில்லாத சொல் வதந்தி. பெயரும் கையொப்பமும் உள்ள சொல் சான்று. யார் சொன்னார் என்றில்லாத தாளை எங்கள் அலுவலகத்தில் குப்பைக்கூடைக்குக்கூட அனுப்பமாட்டோம். அவர் சிரித்து, "சரி, உங்க ஊர் வழக்கப்படியே ஆகட்டும்" என்றார். மதராஸ்காரருக்கு முறையைக் கற்பித்துவிட்டதாக எனக்கு ஒரு நிறைவு. அதையும் பதிவு செய்கிறேன்.

முதலில் வந்தவர் அரிகிருஷ்ணன், சீமைச் சாமான் கடைக்காரர். தீர்வையில்லாத் துறைமுகம் போனதோடு தம் கடையில் பாதி போனது என்று நன்றாகவே பேசினார். பெயர் கேட்டதும், எங்கள் ஊர் வழக்கப்படி 'ஐயா' என்பதற்கு 'முசே' என்று விளித்தபடி எழுந்துகொண்டார்.

"கருத்து எவ்ளோ வேணும்னாலும் எடுத்துக்கங்க முசே. பேர மட்டும் வுட்டுடுங்க."

பெயரின்றிப் பதியமுடியாது என்றேன்.

"சரக்க ஜன்னல்ல வெப்பேன். வெலைய வெக்கமாட்டேன். அதான் நம்ம யாவாரம்." சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவர் சொன்னதை அடித்துவிட்டேன். கோழை என்று மனத்துக்குள் சொன்னேன்.

கதிர்காமத்து விவசாயி கோவிந்தசாமி பெயரைத் தாராளமாகத் தந்தார். "சுங்கச் சாவடிய எடுத்துட்டாங்க, நெல்லு மூட்டைய இருட்டுல ஒளிச்சி எடுத்தார வேணாம். அது நல்லதுதான். ஆனா பழைய ஆபீசுக்குப் போனா புதுசுக்குப் போன்றான், புதுசுக்குப் போனா பழசுக்குப் போன்றான். நடு ரோட்டுல ஒரு ஆபீசு தொறக்கச் சொல்லுங்க, அங்கதான் நான் எப்பவும் நிக்கறேன்." சிரிப்பை அடக்கிக்கொண்டு, 'நிர்வாக எல்லைகள் தெளிவுற வேண்டும்' என்று எழுதினேன்.

19 ஜனவரி, புதன்

இன்று சின்ன மில் ஆட்கள். மூடிய மில்லைக் கடன் கொடுத்துத் திறப்பதாக அரசு சொல்லியிருப்பதால் கிடங்கு நிரம்பிவிட்டது.

"எம்பேரு மண்ணாங்கட்டி முசே. இத எழுதுனா மேல இருக்கறவங்க நம்புவாங்களா?"

பிறப்புப் பதிவில் உள்ளதையே எழுதுவேன் என்றேன். தகப்பன் பெயர் கேட்டேன்.

"அது நல்ல பேரு. அத மேல போட்டுட்டு, என்னுத கீழ சின்னதாப் போடுங்க."

கிடங்கு முழுவதும் சிரித்தது. நானும். பிறகு அவன் குரல் மாறியது. ஆள் எடுக்கும் அதிகாரத்தை மேஸ்திரி கையில் கொடுக்கக்கூடாது. அவனுக்குக் கும்பிடு போடாதவனுக்கு மில்லில் இடமில்லை. அரசாங்கப் பணத்தில் மில் திறந்தால் அரசாங்கமே ஆள் எடுக்கட்டும் என்றான். வாசித்துக் காட்டினேன். "நான் சொன்னதவிட நல்லாருக்கு" என்று கையெழுத்திட்டான்.

24 ஜனவரி, திங்கள்

கன்னியம்மாள். கைம்பெண். நூல் சுற்றும் பிரிவு. அவளுடைய மகள் அஞ்சலாட்சி வாசலில் நின்றிருந்தாள். பெண் வயதுக்கு வந்தவள், தாயைவிட உயரம்.

நான் கேள்வி கேட்குமுன்பே கன்னியம்மாள் தொடங்கிவிட்டாள். "வெள்ளக்காரன் போயிட்டான், சரி. மில்லுக்காரன் எங்க போனான்?"

அவள் சொன்னதன் சாரம் இது. மில் ஓடியவரை, வேலை நேரத்தில் நூல் பிரிவின் பின்கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டுவார்கள். பெண்கள் நூலை மடியில் மறைத்துக் கொண்டுபோய்விடுவார்களாம். திறவுகோல் மேஸ்திரியின் இடுப்பில். மேஸ்திரி எங்கிருப்பான் என்பது மேஸ்திரிக்கே தெரியாது.

"பஞ்சு பறக்கற எடம் முசே. ஒரு பீடி போதும். முன்கதவு ஒண்ணுதான். அத்தன பொம்பளைங்களும் எப்படிப் போவோம்?"

மில் திறப்பதுபற்றி அவள் கருத்தென்ன என்று முறைப்படி கேட்டேன்.

"மில்லு தொறக்கணும். கதவும் தொறக்கணும். ரெண்டையும் சேத்து எழுதுங்க. ஒண்ண எழுதி ஒண்ண வுட்டுடாதீங்க."

அப்படியே எழுதினேன். திருத்தவில்லை. கைநாட்டு வைக்கும்போது தயங்கினாள். பேரு எதுக்கு முசே என்றாள். பெயர் இருந்தால்தான் சொல்லுக்கு எடை என்றேன். இன்னும் தயங்கினாள். இதனால் உங்களுக்கு ஒரு கெடுதலும் வராது, நான் பொறுப்பு என்றேன்.

நான் பொறுப்பு. நொத்தேர் அலுவலகத்தில் இருந்த காலமெல்லாம் இந்தச் சொல்லைப் பிறருக்காக எழுதியிருக்கிறேன். எனக்காகச் சொன்னது இதுவே முதல் தடவை. எப்படி வாயில் வந்தது?

பெருவிரலில் ஒட்டிய மையைப் பீப்பாயில் தேய்த்துவிட்டுப் போனாள். கறை இருக்கிறது.

3 பிப்ரவரி, வியாழன்

ஆலைபற்றிய புகார்களை எப்படிக் கையாள்வது என்று சுப்பிரமணியன் கேட்டார். மறுதரப்பான ஆலை நிர்வாகத்துக்கு வாக்குமூலங்களின் பிரதியை அனுப்பி அவர்கள் பதிலைப் பெறாமல் எந்த முடிவுக்கும் வரலாகாது என்று எழுத்தில் ஆலோசனை தந்தேன். நீதியின் முதற்பாடம் அது. குழு ஏற்றுக்கொண்டது.

15 ஏப்ரல், வெள்ளி

சின்ன மில்லுக்குக் கடன் ஒப்புதலாகிவிட்டது. ஜூனில் திறப்பு. கடைத்தெருவில் இரண்டு பேர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்கள். வாக்குமூலங்கள் வீணாகவில்லை என்று எழுதலாமா? எழுதிவிட்டேன்.

6 மே, வெள்ளி

மாலையில் வாசலில் ஒரு கார் நின்றது. சின்ன மில்லின் நிர்வாகி. நான் அவரை அதற்குமுன் சந்தித்ததில்லை. ஒரு கூடை மாம்பழம். காபியைப் பாதி குடித்தார். கடலோரக் காற்றைப் புகழ்ந்தார். புறப்படும்போது சொன்னார்: "உங்க மாதிரி தெளிவா எழுதறவங்க இந்தக் காலத்துல யாரு சார் இருக்கா? அப்பா பேரு, தெருப் பேரு வரைக்கும் இருக்கு. எங்களுக்கு ரொம்ப சௌகரியமாப் போச்சு. நன்றி."

கார் திரும்பும்வரை ரோசா கதவருகே நின்றாள்.

"ஏங்க, அவரு எதுக்கு நன்றி சொல்றாரு?"

அரசு கடன் தந்ததற்காக இருக்கலாம் என்றேன்.

"அத அரசாங்கத்துக்குல்ல சொல்லணும்."

மாம்பழக் கூடையை அவள் உள்ளே கொண்டுவரவில்லை.

7 மே, சனி

தூக்கமில்லை. பிரதி அனுப்பும்போது பெயர்களை நீக்கியிருப்பார்கள். நீக்கத்தானே செய்வார்கள்? நீக்கும்படி நான் எழுதினேனா?

எழுதவில்லை.

6 ஜூன், திங்கள்

சங்கு ஊதியது.

ஊரே நின்று கேட்டது. பால்காரன் சைக்கிளை விட்டு இறங்கினான். ரோசா சிலுவை போட்டுக்கொண்டாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு மில் வாசலுக்குப் போனேன். எனக்கு அங்கே எந்த வேலையும் இல்லை.

வாழைமரம், தோரணம், மேடை, பேச்சு. மறுவாழ்வு, மறுமலர்ச்சி என்று யாரோ ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு மேடையை ஒதுக்கி, மேஸ்திரி வாசற்படியில் ஏறி நின்று பெயர்களைக் கூப்பிட்டான். கூப்பிடப்பட்டவர்கள் கும்பிட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். கூப்பிட்டு முடிந்ததும் கதவைச் சாத்தினார்கள்.

வெளியே நின்றவர்களைப் பார்த்தேன். ஒவ்வொருவரையும் எனக்குத் தெரியும். முகம் மட்டுமன்று; தகப்பன் பெயர், வயது, தெரு.

கன்னியம்மாள் தலையில் பூவைத்த மகளோடு நின்றிருந்தாள். நான் கூட்டத்தின் பின்னால் ஒதுங்கினேன். ஒதுங்கினேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

7 ஜூன், செவ்வாய்

மண்ணாங்கட்டி வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேல இருக்கறவங்க எம்பேர நம்பிட்டாங்க முசே."

அவ்வளவுதான் சொன்னான். சிரித்தான்கூட.

10 ஜூன், வெள்ளி

சுப்பிரமணியனைப் பார்த்தேன். வாக்குமூலம் தந்த ஒருவர்கூட வேலைக்கு எடுக்கப்படவில்லை என்றேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"பேரு வேண்டாம்னு நான் சொன்னேனே சார். மறுதரப்புக்குப் பிரதி குடுக்கணும்னு எழுதினது நீங்கதானே? ஃபைல்ல உங்க கையெழுத்து இருக்கு."

இருக்கிறது. தெளிவான கையெழுத்து.

ஆள் எடுப்பது நிர்வாகத்தின் உரிமை, அரசு தலையிடாது என்றார். பின்கதவு? அதற்கு நிர்வாகம் பதில் தந்திருக்கிறதாம்: அப்படி ஒரு வழக்கமே இல்லை. குழு கோப்பை மூடிவிட்டது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு சார். நீங்க அந்தக் காலத்து ஆபீஸ் ஆளு. இவர் பிரெஞ்சுக்காரா பக்கம், புது அரசாங்கத்துக்குக் கெட்ட பேர் வாங்கித் தர்றதுக்காக ஜனங்களைத் தூண்டிவிட்டார்னு ஒரு பேச்சு இருக்கு. என் காதுல விழுந்தது, சொல்லிட்டேன். உங்க வேலை டிசம்பர் வரைக்கும்தான் போட்டிருக்கு. ஜாக்கிரதையா இருங்கோ."

ஜாக்கிரதை. என்னிடம் போய்ச் சொல்கிறார்.

2 ஜூலை, சனி

மண்ணாங்கட்டி குடும்பத்தோடு சேதராப்பட்டுப் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்விட்டான். சொல்லிக்கொள்ளவில்லை. அவன் வீட்டில் வேறு யாரோ துணி காயப்போட்டிருக்கிறார்கள்.

மார்க்கெட்டில் கன்னியம்மாள் எதிரே வந்தாள். விலகிப் போக வழியில்லை.

"அஞ்சலாட்சிய எடுத்துக்கிட்டாங்க முசே. என் எடத்துலயே. பொண்ணு வரட்டும், நீ வாயத் தொறக்காதன்னு சொல்லிட்டாங்க." பையை இடுப்புக்கு மாற்றினாள். "அதனால நான் உங்ககிட்ட பேசல. மீன் வாங்க வந்தேன்."

18 ஆகஸ்ட், வியாழன்

ரோசா கன்னியம்மாளைக் குழாயடியில் பார்த்திருக்கிறாள். அவள் சொல்லியனுப்பியது இது:

"பழைய சங்கிலிய எடுத்துட்டாங்க. அது துருப்புடிச்சி, பலமா இழுத்தா வந்துடும். இப்ப புதுப் பூட்டு, பெரிசு. முசே எழுதுனது வீண் போவலன்னு சொல்லுங்க."

ரோசா இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் அரிசி களையப் போய்விட்டாள்.

குடிமக்கள் கருத்துச் சொன்னார்கள். நான் எழுதினேன். அரசு கேட்டது. நிர்வாகம் பதில் தந்தது. எல்லாம் முறைப்படி. அதன் பயன் ஒரு பூட்டு.

29 ஆகஸ்ட், திங்கள்

நூல் பிரிவில் இயந்திரம் சூடேறிப் பஞ்சு புகைந்ததாம். தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டார்கள். பெரிதாக ஒன்றுமில்லை என்கிறார்கள். எல்லாப் பெண்களும் முன்கதவுக்கு ஓடியதில் ஒருத்திக்குக் கை முறிந்தது. அஞ்சலாட்சியல்ல.

அஞ்சலாட்சியல்ல என்று கேட்டதும் எனக்கு ஆறுதல். சே. யாரோ ஒருத்திக்குத்தானே முறிந்தது.

8 செப்டம்பர், வியாழன்

வேளாங்கண்ணி மாதா திருநாள். பூசை முடிந்து வரும் வழியில் ரோசா கேட்டாள். "எல்லார்கிட்டயும் கருத்துக் கேட்டீங்களே, உங்க கருத்து என்னான்னு யாராவது கேட்டாங்களா?"

எழுதுபவனுக்குக் கருத்து இருக்கக்கூடாது என்றேன்.

"இருக்கக்கூடாதா, இல்லையா?"

மாதா கோயில் தெரு முழுவதும் அவள் முன்னே, நான் இரண்டடி பின்னே நடந்தேன்.

12 செப்டம்பர், திங்கள்

முடிவு செய்துவிட்டேன். என் பெயரில் ஒரு வாக்குமூலம் எழுதி அரசின் மேலிடத்துக்கு நேரே கொடுப்பேன். கதவுபற்றி, பூட்டுபற்றி, புகைபற்றி. பிறர் பெயர் அதில் ஒன்றும் வராது. சாட்சிகள் இருவர் வேண்டும். நான் பயின்ற பிரெஞ்சுச் சட்டப்படி அவர்கள் கையெழுத்திடத் தெரிந்தவர்களாக இருக்கவேண்டும். எனக்கு உறவினராக இருக்கலாகாது.

பழைய அலுவலகத்தில் பத்திரங்களுக்கு வழக்கமாகச் சாட்சி போட்ட இருவரிடம் போனேன். ஒருவருக்குக் கண் தெரியவில்லையாம். மற்றவருக்கு அதே வாரத்தில் கும்பகோணம் போகவேண்டுமாம்.

19 செப்டம்பர், திங்கள்

அரிகிருஷ்ணன் கடைக்குப் போனேன். ஜன்னலில் இப்போது பம்பாய்ச் சோப்பு. பொறுமையாகக் கேட்டார். ஒரு சோடா உடைத்துக் கொடுத்தார்.

"தப்பா நெனைக்காதீங்க முசே. அன்னைக்கு நீங்க எம்பேர எழுதாம வெளிய அனுப்புனீங்க. இன்னைக்கு வரைக்கும் மாதாவுக்கு மெழுவத்தி ஏத்தறேன், நான் மாரியம்மன் கும்புடறவன்."

அவரைக் கோழை என்று ஒரு நாள் எழுதினேன். அந்த வரியை அடிக்கவில்லை. அடிக்க எனக்கு உரிமையில்லை. பதிவான பின் அடிப்பது மோசடி.

23 செப்டம்பர், வெள்ளி

வீட்டெதிரே ஒரு ஆள். பீடி பிடிக்கிறான். நேற்றும் நின்றான். ரோசா ஜன்னலைச் சாத்திவிட்டாள். அவன் யாருக்காக நிற்கிறான் என்பதற்குச் சான்று இல்லை. ஆகவே எழுதவில்லை. நிற்கிறான் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

26 செப்டம்பர், திங்கள்

காலையில், சங்குக்கு முன்பே கதவு தட்டப்பட்டது. அந்த ஆள் என்று நினைத்து ரோசா என்னைப் பின்னுக்கு இழுத்தாள். கன்னியம்மாள் நின்றிருந்தாள்.

"சாட்சிக்கு ஆள் தேடறீங்களாமே. கடத்தெருவுல சொன்னாங்க."

வேண்டாம் என்றேன். உங்கள் பெண் உள்ளே வேலை செய்கிறாள், உங்கள் பெயர் இந்தத் தாளில் வந்தால் அவளையும் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்றேன். முதலில் உங்களிடம் கொடுத்த வாக்கையே காப்பாற்ற முடியாதவன் நான் என்றேன். இதைச் சொல்லும்போது நான் உட்கார்ந்திருக்கவில்லை.

"பொண்ணு உள்ள இருக்கறதாலதான் முசே வந்தேன். நான் உள்ள இருந்தப்ப பயமாத்தான் இருந்துது. ஆனா சோறு எறங்குச்சி. இப்ப அவ போனா திரும்பி வர்ற வரைக்கும் எனக்குத் தண்ணி எறங்கல." பிறகு, "எங்க வெக்கணும், சொல்லுங்க. அவ இந்நேரம் கெளம்பியிருப்பா" என்றாள்.

என் சட்டப்படி, கையெழுத்திடத் தெரியாதவர் சாட்சியாகமுடியாது. அதை அவளிடம் சொல்லவில்லை. மைப்பெட்டியைத் திறந்தேன்.

ரோசா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "ரெண்டு பேரு வேணும்னீங்க." மனைவி சாட்சியாகமுடியாது என்று அவளுக்குத் தெரியும். என் பத்திரங்களைக் கேட்டுக் கேட்டே வீட்டில் இருந்தவள். "தெரியும். பேனாவக் குடுங்க" என்றாள்.

கன்னியம்மாள் பெருவிரலைத் தாளில் அழுத்தியபோது சங்கு ஊதியது. அது ஓயும்வரை விரலை எடுக்கவில்லை. மை தடித்துவிட்டது. ரேகை தெரியவில்லை.

தாளின் பிரதி, முழுவதும்:

1. நான், தேவதாஸ், காலஞ்சென்ற அந்தோணியின் மகன், வயது ஐம்பத்தொன்று, சட்டம் பயின்றவன், புதுச்சேரி நகரவாசி, எவர் தூண்டுதலுமின்றிச் சொல்வதாவது:

2. சின்ன மில் எனப்படும் பஞ்சாலையின் நூல் பிரிவில், வேலை நேரத்தில் பின்கதவு பூட்டப்படுகிறது. இன்றும் பூட்டப்படும். இதைப் படிக்கும்போது உள்ளே பெண்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள்.

3. இதைச் சொன்னவர்கள் வேலை இழந்தனர். அவர்கள் பெயர்களை ஆலைக்குக் கிடைக்கச் செய்தது என் எழுத்து.

4. மில் திறந்ததை நான் வரவேற்கிறேன். கதவும் திறக்கவேண்டும். இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்குமாறு கோருகிறேன்.

5. கீழ்க்காணும் இருவரும் சட்டப்படி சாட்சிகளாகமாட்டார்கள் என்பதை நான் அறிவேன். வேறு எவரும் வரவில்லை.

வாசித்துக் காட்டப்பட்டது. ஒப்புக்கொள்ளப்பட்டது.

(ஒப்பம்) அ. தேவதாஸ்

சாட்சிகள்:
கன்னியம்மாள், நூல் சுற்றும் தொழிலாளி, இடது பெருவிரல் ரேகை
ரோசா, தேவதாசின் மனைவி